சோயா கொலஸ்ட்ராலைக் குறைக்குமா? எந்தப் பொருள், எவ்வளவு?

சோயா பயற்றில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். இதயத்துக்கு நல்லவை என்று சொல்லப்படும் பொருள்கள் இந்த இரண்டு பங்கிலும் பிரிந்து கிடக்கின்றன. ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் முதலிய ஐசோஃபிளேவோன்கள் புரதத்தை ஒட்டி நிற்பவை. தாவர ஸ்டெரால்களும் லெசித்தினும் எண்ணெயோடு போய்விடுபவை.

இந்தியாவில் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் மாநிலங்களில் விளைகிறது. ஆலையில் எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் துளை வழியே தள்ளி உருண்டையாக்குகிறார்கள். மளிகைக் கடையில் மீல் மேக்கர் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். ஆகவே மீல் மேக்கர் குழம்பு சாப்பிடுகிறவருக்குப் புரதமும் ஐசோஃபிளேவோனும் கிடைக்கும், ஸ்டெரால் அவ்வளவாகக் கிடைக்காது. சோயா எண்ணெயில் தாளிக்கிறவருக்கு ஸ்டெரால் கொஞ்சம் கிடைக்கும், புரதம் கிடைக்காது. சோயாவின் பலன் என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் கணக்கு தப்பிவிடும்.

உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதை ரத்தத்தில் சுமந்து செல்லும் துகள்களில் எல்.டி.எல். என்பது மிகுந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அடைப்புக்கு வழி செய்யும். கெட்ட கொலஸ்ட்ரால் என்று பெயர் வாங்கியது இதனால்தான். ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் எந்தப் பொருளும் எல்.டி.எல்.லைக் குறைக்கும்.

சோயா புரதம் செரிக்கும்போது உண்டாகும் சிறு துண்டுகள் இந்த ஏற்பிகளைத் தூண்டுவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்தது. 1995-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆண்டர்சன் குழுவினர் 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நாளுக்குச் சராசரியாக 47 கிராம் சோயா புரதம் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. இதையொட்டி 1999-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாளுக்கு 25 கிராம் சோயா புரதம் இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அனுமதித்தது.

பின்னால் வந்த ஆய்வுகள் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. 2006-இல் அமெரிக்க இதயச் சங்கம் 22 ஆய்வுகளை அலசி, குறைவு சுமார் 3 சதவீதம்தான் என்று அறிவித்தது. 2017-இல் அந்த அச்சு வாசகத்தைத் திரும்பப் பெறவே உணவு மருந்து நிர்வாகம் உத்தேசித்தது. அதன்பின் 2019-இல் கனடாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோதும் 3 முதல் 4 சதவீதக் குறைவு தெரிந்தது. பலன் சிறியது, ஆனால் இல்லாமல் போகவில்லை.

25 கிராம் புரதம் வேண்டுமானால் உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராம் வேண்டும். ஊறினால் அது ஒருவருக்குப் பெரிய கிண்ணம் நிறையும். அதை நாள் தவறாமல் சாப்பிட்டால், எல்.டி.எல். 160 இருப்பவருக்கு 155 அளவுக்கு இறங்கலாம். ஸ்டாட்டின் மாத்திரையோ வகையையும் அளவையும் பொறுத்து 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும்.

ஐசோஃபிளேவோனை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததில் எல்.டி.எல். குறிப்பிடும்படி குறையவில்லை. டெய்ட்சீனை ஈக்வோல் என்ற பொருளாக மாற்றும் குடல் பாக்டீரியா எல்லோருக்கும் இல்லை. ஜப்பானியரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு உண்டு, மேலை நாட்டவரில் நாலில் ஒருவருக்குத்தான். ஒரே சோயா ஆளுக்கு ஆள் வேறாக வேலை செய்ய இதுவும் ஒரு காரணமாகலாம் என்று கருதுகிறார்கள்.

இவற்றில் வலுவான சான்று உள்ளது தாவர ஸ்டெரால்களுக்கே. உருவில் கொலஸ்ட்ராலைப் போலவே இருப்பதால், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதை இவை தடுக்கின்றன. நாளுக்கு 2 கிராம் எடுத்தால் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் குறையும். ஆனால் 100 கிராம் சோயா எண்ணெயில் இருப்பது கால் கிராம் சொச்சம்தான். 2 கிராமை எண்ணெயிலிருந்தே பெற முக்கால் கிலோ குடிக்க வேண்டிவரும். அதனால்தான் ஸ்டெராலைத் தனியே பிரித்துச் செறிவூட்டிய உணவுகளில் சேர்க்கிறார்கள்.

பல சிறு பலன்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை டொரண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் சோதித்தார். சோயா புரதம், ஸ்டெரால், குழகுழப்பான நார்ச்சத்து, பாதாம் நான்கையும் சேர்த்த உணவை ஒரு மாதம் கொடுத்தபோது எல்.டி.எல். சுமார் 29 சதவீதம் குறைந்தது. 2003-இல் வெளியான அதே ஆய்வில் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்.

எதைத் தள்ளிவிட்டுச் சோயா இலைக்கு வருகிறது என்பதும் முக்கியம். குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள் விரத நாள்களில் கறி, மீன் தொடுவதில்லை. அந்த நாள்களில் ஆட்டுக்கறிக்குப் பதில் மீல் மேக்கர் சமைத்தால் நிறைவுற்ற கொழுப்பு குறையும். அது நல்ல லாபம். பக்கத்து மணப்பாட்டில் கரையேறும் சாளை மீனுக்குப் பதில் என்றால் அந்த லாபம் இல்லை, ஏனென்றால் சாளையில் இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. அதே மீல் மேக்கரைத் தேங்காய் எண்ணெயில் பொரித்தால் கணக்கு நேர்மாறாகிவிடும். 2020-இல் 16 ஆய்வுகளைத் தொகுத்ததில், மற்றத் தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி கூட்டியது தெரிந்தது. சோயா குறைக்கும் 5 புள்ளி அதில் அடிபட்டுப்போகும்.

சோயா வாங்க வழியில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நாளுக்குச் சுமார் 130 கிராம் வெந்த பயறு வகைகள் எல்.டி.எல்.லை 5 சதவீதம் குறைப்பதாக 2014-இல் வந்த கனடியத் தொகுப்பாய்வு காட்டியது. கடலையும் தட்டப்பயறும் பாசிப்பயறும் இந்தப் பக்கத்துச் சமையலுக்குப் புதியவை அல்ல. எள்ளோ, வித்துகளில் ஸ்டெரால் மிகுந்தவற்றுள் ஒன்று.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு சேர்த்துச் சோயா உண்ணக்கூடாது. மருந்து உடலில் சேர்வதை அது குறைக்கும், சில மணி நேர இடைவெளி வேண்டும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை விலக்க வேண்டும். சோயா சாஸில் புரதம் சொற்பம், உப்பு மிகுதி. ரத்த அழுத்தக்காரர்களுக்கு அது ஆகாது.

கறிக்கு மாற்றாக, குறைந்த எண்ணெயில் சமைத்த சோயா இதயத்துக்குத் துணை செய்யும். மருந்தின் இடத்தை அது பிடிக்காது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மீல் மேக்கரை நம்பி யாரும் நிறுத்திவிட வேண்டாம்.