பாதிரியாரிடம் சொன்ன ரகசியம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் இருக்கிறது ரமணாசிரமம். ரமண மகரிஷி இருந்த காலத்தில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில்தான் உட்காருவார்கள். கேட்பதை எல்லார் முன்னிலையிலும் கேட்பார்கள். பதிலும் எல்லார் காதிலும் விழும். தனிப் பேட்டி என்று வைத்துக்கொள்வதில்லை.

வீட்டுத் துயரத்தை நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறவர் என்ன செய்வார்? மகரிஷி மலைப்பக்கம் உலாவப் போகும் நேரம் பார்த்து, வழியில் நின்று பேசுவார்.

1949-ம் ஆண்டு ஜனவரி மாதம் அந்த ஆசிரமத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் துறவி வந்தார். பிரெஞ்சு நாட்டவர். பெயர் ஆன்றி லெ சோ. பிற்பாடு அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு, அருணாசல மலையின் குகைகளில் தங்கித் தியானம் செய்தவர் இவர்தான்.

அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அவருடைய மதத்தில் வழக்கம் நேர் எதிர். அங்கே மனக்குறையைச் சொல்வது கூடத்தில் அல்ல. ஒரே ஒரு காதில்!

800 ஆண்டுப் பூட்டு

அதற்குப் பாவசங்கீர்த்தனம் என்று பெயர். செய்த பாவத்தைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. கேட்டவர் அதை வெளியே சொல்லவே கூடாது. 1215-ம் ஆண்டு ரோமாபுரியில் கூடிய பெரிய சங்கம் இதைக் கண்டிப்பான சட்டமாக எழுதி வைத்தது. மீறினால் பதவி போகும். சாகும்வரை மடத்தில் அடைபட்டுத் தவம் செய்ய வேண்டும். இன்றைக்கும் அந்த ரகசியத்தை நேராக வெளியிடும் குருவானவர் அந்த நிமிஷமே சபைக்குப் புறம்பாகிவிடுவார்.

கொலை செய்ததாகச் சொன்னாலுமா? ஆம். "போலீசில் போய்ச் சொல்" என்று புத்தி சொல்லலாம். தாமே போய்ச் சொல்ல முடியாது.

பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும், சாவி ஒரு மனிதன் கையில்தானே இருக்கிறது? 2018-ல் கேரளத்தில் வேறொரு கிறிஸ்தவ சபையில் ஒரு புகார் கிளம்பியது. ஒரு பெண் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே அவரை மிரட்டினார்கள், கெடுத்தார்கள் என்று பாதிரியார்கள் சிலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. போலீசார் வழக்குப் போட்டார்கள். தேசிய மகளிர் ஆணையம் இந்த வழக்கத்தையே எடுத்துவிட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. கேரள ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வழக்கம் நீடிக்கிறது.

ஜெபக் கூட்டத்தில் கசியும் கதை

இது பெரிய விபரீதம். தினம் நடப்பது இதைவிடச் சிறியது. ஆனால் குடும்பங்களைப் பிரிப்பது அதுதான்.

ஒரு பெண், கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார் என்று போதகரிடம் அழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில், "ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம். மூன்று குழந்தைகள். வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம். நகைகூட அடகில் இருக்கிறது" என்கிறார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்! இருபது குடும்பம் உள்ள சபையில் மூன்று குழந்தையும் அடகு நகையும் யார் வீட்டில் என்று எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை காலையில் குழாயடியில் அதே பேச்சு. இரவில் கணவர் காதுக்கும் போய்விடுகிறது. அன்று அவளுக்கு என்ன நடக்கும்?

போதகருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால், "இதைச் சொல்லி ஜெபிக்கலாமா அம்மா?" என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். போதகரின் மனைவியிடம் சொல்வதானாலும் அப்படித்தான்.

திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊரான வேலூரில், கிறிஸ்தவ ஆலோசனைப் பயிற்சிக்கென்றே ஒரு நிலையம் நடந்துவருகிறது. ஆலோசனை சொல்வதை ஒரு தொழிலாகக் கற்றவர்களுக்கு உள்ள முறை இது: எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வந்தவர் வாய் திறந்தபிறகு அல்ல, திறப்பதற்கு முன்னால்.

கேட்கிறவர் சொல்லாவிட்டால், போகிறவர்தான் கேட்க வேண்டும். "ஐயா, இதை வேறு யாரிடமாவது சொல்வீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைச் சட்டம் காப்பாற்றுகிறது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் அது இருந்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. பாதிரியாரிடம் சொன்னதற்கு இரண்டிலும் அப்படி ஒரு பிரிவு இல்லை. மனநல மருத்துவரிடம் போனால், 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி ரகசியம் நோயாளியின் உரிமை. ஆனால், இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவர் வேண்டிய மட்டும் வெளியிடலாம்.

ஒரு விஷயத்தில் யாருமே வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் ஒருவன் தவறாக நடந்தான் என்று தெரிந்தால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், இரண்டும் கிடைக்கலாம். பாதிரியாருக்கு விலக்கு என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. பாவசங்கீர்த்தனத்தின் பழைய பூட்டும் இந்தப் புதிய சட்டமும் இங்கேதான் நேருக்கு நேர் மோதுகின்றன. சபையின் மானம் போகுமே என்று யோசிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளை அடுத்த வாரமும் அதே வீட்டில்தான் இருக்கும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

அப்போதும் ஊருக்கெல்லாம் சொல்லக்கூடாது. போலீசுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயரோ படமோ பத்திரிகையில் வரக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். எங்கே போவது என்று தெரியாதவர்கள் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். எண் 1098. இரவிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.