கிறிஸ் பென்வாவை என்ன செய்வது?

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 2004 மார்ச் 14 அன்று நடந்த இருபதாவது ரெஸில்மேனியா மல்யுத்த விழாவின் கடைசி ஆட்டம், இன்று போட்டுப் பார்த்தாலும் தரம் குறையாத ஆட்டம். டிரிபிள் எச், ஷான் மைக்கேல்ஸ், கிறிஸ் பென்வா என மூவர் மோதுகிறார்கள். முடிவில் பென்வா, டிரிபிள் எச்சைக் குப்புற வீழ்த்தி, அவருடைய ஒரு கையைத் தன் கால்களுக்கிடையே பூட்டி, முகத்தின் குறுக்கே இரு கைகளையும் கோத்துப் பின்னோக்கி இழுக்கிறார். டிரிபிள் எச் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். ஆளும் உயரமில்லை, மைக் பிடித்துப் பேசவும் வராது, இவரை வைத்து டிக்கெட் விற்க முடியாது என்று பல ஆண்டுகள் ஓரங்கட்டப்பட்டவர், வண்ணக் காகிதங்கள் பொழிய, நண்பர் எடி கரேரோவைக் கட்டிக்கொண்டு அழுகிறார். மூன்றே ஆண்டுகளில், 2007 ஜூன் 25 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் ஃபயட்வில்லில் உள்ள அவர் வீட்டுக்குள் போலீஸார் மூன்று உடல்களைக் கண்டார்கள். வெள்ளிக்கிழமை மனைவி நான்சியையும், அதன் பிறகு ஏழு வயது மகனையும் கொன்ற பென்வா, அந்த வார இறுதி முடிவதற்குள் தன் உயிரையும் போக்கிக்கொண்டிருந்தார்.

டென் ஸ்போர்ட்ஸ் சேனலும் டிரம்ப் கார்டுமாக அந்த மல்யுத்தம் நம் ஊர்ப் பிள்ளைகளின் கோடை விடுமுறைகளை நிறைத்திருந்த காலம் அது. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று அட்டையில் அச்சிட்டிருந்ததைக் கொண்டு வீரனை அளந்தவர்கள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். உலகெங்கும் உள்ள பென்வாவின் ரசிகர்களைப் போலவே அவர்கள் முன்னும் ஒரு கேள்வி நிற்கிறது. அந்த ஆட்டத்தை ரசித்தது தவறா? இனி ரசிக்கலாமா? ‘கலையை வேறாகவும் கலைஞனை வேறாகவும் பார்’ என்று எளிதில் சொல்லிவிடுவார்கள். எழுத்தாளர் விஷயத்தில் இதை ஓரளவு ஏற்கலாம்; புத்தகம் அவரைவிட்டுப் பிரிந்து தனியாக நிற்கிறது. விளையாட்டு வீரனுக்கு அவன் உடம்புதான் புத்தகம். டிரிபிள் எச்சின் முகத்தைச் சுற்றிக் கோத்த கைகளும் நான்சியின் கழுத்தை நெரித்த கைகளும் ஒரே கைகள்.

வேறு ஒரு பிரிவினை எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. திறமையைக் கண்டு வியப்பது ஒன்று, ஆளைக் கௌரவிப்பது மற்றொன்று. வியப்பு, நடந்ததைப் பற்றிய ஒரு மதிப்பீடு. அந்த ஆட்டம் நன்றாக இருந்தது என்றால் இருந்ததுதான். 2007-இல் நடந்த கொடுமை 2004-இன் பிடியைத் தளர்த்திவிடாது. கௌரவம் அப்படியல்ல. அது நாம் இன்று செய்கிற செயல். விருது கொடுப்பதும், பெயர் பொறித்த பனியனைப் போட்டுக்கொண்டு திரிவதும், ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதும் நம் கையில் இருப்பவை. கொடுக்காமல் இருக்கலாம், கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

இந்த வேறுபாட்டை, அந்த மல்யுத்தத்தை நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் கவனித்ததாகத் தெரியவில்லை. சாவுச் செய்தி வந்த திங்கள் இரவே பென்வாவுக்கு மூன்று மணி நேர அஞ்சலி ஒளிபரப்பியது. கொன்றது அவரே என்று தெரிந்ததும், மறுநாளே அதன் தலைவர் வின்ஸ் மெக்மான் திரையில் தோன்றி, இனி அந்தப் பெயர் இந்த நிகழ்ச்சியில் வராது என்ற பொருளில் அறிவித்தார். அன்று தொடங்கிய மௌனம் நிலைத்துவிட்டது. மறைந்தவர்களின் குடும்பத்துக்குக் காட்டும் மரியாதை இது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் நான்சி வெறும் ‘மனைவி’ அல்ல. ‘உமன்’ என்ற மேடைப் பெயரில் 1990-களில் ரிக் ஃபிளேரின் ஃபோர் ஹார்ஸ்மென் அணிக்கு மேலாளராக ரிங்கருகே நின்ற, தனக்கென்று ரசிகர்களைப் பெற்றிருந்த கலைஞர். கொலைகாரனின் பெயரைத் துடைக்கப் போய், கொல்லப்பட்டவரின் பெயரும் சேர்ந்து அழிந்தது. கூடவே, இந்தத் தொழில் தன் வீரர்களின் உடம்பை என்ன செய்கிறது என்ற கேள்வியையும் ஓரமாக வைக்க வசதியாயிற்று. வசதி யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கேள்விக்குள் போனால்தான் வலுவான ஆட்சேபம் எதிர்ப்படும். பென்வாவின் மூளையை ஆராய்ந்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவர் ஜூலியன் பெய்ல்ஸின் குழு, நாற்பது வயதுக்காரரின் அந்த மூளையை 85 வயது அல்சைமர் நோயாளியின் மூளையோடு ஒப்பிட்டது. தலையில் ஓயாமல் அடிபட்டவர்களுக்கு வரும் சி.டி.இ. என்ற சிதைவு அது. பிரேதப் பரிசோதனையில் அளவுக்கு மீறிய டெஸ்டோஸ்டிரோனும் தெரியவந்தது. அப்படியென்றால் அவர் நோயாளிதானே, அவரைக் குற்றவாளி என்பது நியாயமா என்று கேட்கிறார்கள். நோய் இருந்தது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கும் இதே நோய் கண்டறியப்பட்டிருக்கிறது; அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொல்லவில்லை. ஒரு நொடி ஆத்திரத்தில் எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. மனைவியின் சாவுக்கும் மகனின் சாவுக்கும் நடுவே மனம் மாறப் போதிய நேரம் இருந்தது. கொடுமைப்படுத்துகிறார் என்று குற்றம்சாட்டி 2003-லேயே நான்சி விவாகரத்து கோரி, பாதுகாப்பு உத்தரவும் கேட்டு, சில மாதங்களில் வழக்கைத் திரும்பப் பெற்றிருக்கிறார். அப்போதே மூளை கெட்டிருக்கலாமே என்றால், இருக்கலாம். அதனால் குற்றத்தின் காரணம் கொஞ்சம் விளங்கும். கௌரவிக்க ஒரு காரணம் கிடைத்துவிடாது.

இந்த மருத்துவச் செய்தி ரசிகரின் வியப்பையும் சும்மா விடுவதில்லை. பென்வாவை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது எது? ‘இவர் நடிப்பதில்லை, நிஜமாகவே மோதுகிறார்’ என்ற பெயர். மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறி, கீழே கிடப்பவர் மேல் தலை முன்னே வரும்படி பாய்ந்து விழுவார். இந்தக் கலையில் வெற்றி தோல்வி முன்கூட்டியே எழுதப்பட்டதாக இருக்கலாம், விழுகிற அடி எழுதப்பட்டதல்ல. அந்தப் பாய்ச்சலை அவர் கற்றது, சிறுவயது முதல் தெய்வமாகக் கொண்டாடிய டைனமைட் கிட் என்ற இங்கிலாந்து வீரரைப் பார்த்து. அவரோ நாற்பது வயதுக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவர். பென்வாவுக்கும் 2001-இல் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தவர் மீண்டும் கம்பத்தில் ஏறினார். அதற்காகவே இன்னும் பலமாகக் கை தட்டினோம்.

ஆகவே பழைய ஆட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர் பார்க்கட்டும், தடையில்லை. பார்க்கும்போது, தான் எதை வியக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பிடிகளின் துல்லியத்தையா, தலையைப் பணயம் வைத்த துணிச்சலையா? முதலாவது நிலைக்கும். இரண்டாவதற்குக் கொடுத்த விலை இப்போது தெரிந்துவிட்டது. நாற்காலியால் தலையில் அடிப்பதை டபிள்யூ.டபிள்யூ.இ. பின்னர் தடை செய்தது. தலைப் பாய்ச்சல் தொடர்ந்தது. அதைத் தன் ஆட்டத்தில் வைத்திருந்த டேனியல் பிரையன் 2014 ரெஸில்மேனியாவில் பட்டம் வென்றார். தலையில் பலமுறை அடிபட்டு வலிப்பு வருமளவுக்கு ஆன பிறகு, 2016 பிப்ரவரியில், 34 வயதில் ஓய்வை அறிவித்தார். சிகிச்சைக்குப் பின் 2018-இல் அவர் ரிங்குக்குத் திரும்பியபோது அரங்கம் முழுதும் எழுந்து நின்று வரவேற்றது.