பன்றித் தொல்லை: துப்பாக்கி மட்டும் போதுமா?

"கையில ஒரு துப்பாக்கி இருந்தா பன்றிக்கு முடிவு கட்டிடலாம்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். துப்பாக்கிக்குப் பஞ்சமே இல்லாத அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் பாருங்கள். பட்டியிலிருந்து தப்பிக் காடேறிய பன்றிகள் அங்கே பெருகிக் கிடக்கின்றன. 2011 முதல் ஹெலிகாப்டரிலிருந்தும் சுடலாம். 2019 முதல், தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமமே வேண்டாம்.

அங்கே பலர் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். விசையை மறுபடி இழுத்தால் போதும். கூட்டமாக வரும் பன்றிகளில் இரண்டு மூன்றைச் சாய்த்துவிடலாம்.

சிக்கல் அதுக்கப்புறம்தான். மிச்சமுள்ளவை சிதறி ஓடும், உஷாராகும், இருட்டில் மட்டுமே வரும். பெட்டைப்பன்றி ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டி போடும். செத்த கணக்கு சீக்கிரமே நிரம்பிவிடும். அதனால்தான் மிசௌரி மாநிலம் 2016-ல் தன் வனவளத் துறை நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது.

அங்கே பலன் தருவது பெரிய பட்டிப்பொறி. மக்காச்சோளம் போட்டுச் சில நாள் பழக்கி, கடைசிப் பன்றியும் உள்ளே வந்த பிறகே கதவை இறக்குகிறார்கள்.

நம் நாட்டில் அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அனுமதி கேட்டுப் போராடுவது சரிதான். ஆனா, ஒருத்தர் வயலில் சுட்டால் பன்றி அடுத்தவர் வயலுக்குத்தான் போகும். வேலியோ, காவலோ, மனுவோ, ஊரே சேர்ந்து செய்தால்தான் வெள்ளாமை வீடு வந்து சேரும்.