திறனாய்வுக் கட்டுரையில் முடிவுரையின் இடம்

இலக்கியத் திறனாய்வுக் கட்டுரைகளிலே பெரிதும் புறக்கணிக்கப்படும் பகுதி முடிவுரையாகும். சான்றுகளைத் தேடித் தொகுப்பதில் அரும்பாடுபட்டோருங்கூட, இறுதிப் பந்தியை ஒரு சடங்காகவே நிறைவேற்றிவிடுகின்றனர். ஆயின், திறனாய்வாளன் தன் நோக்குக்குப் பொறுப்பேற்கும் இடம் அதுவே. சான்றுகள் தாமாகத் தீர்ப்புரைப்பதில்லை.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை ஆராயும் கட்டுரையொன்று, பாத்திரங்களின் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கையும், தனியொரு நாயகனைவிட ஒடுக்கப்பட்ட மக்கட் கூட்டத்தையே முதன்மைப்படுத்தும் அமைப்பையும் எடுத்துக்காட்டியது எனக் கொள்வோம். அது எவ்வாறு முடிவுறலாம்?

இவ்விரு பண்புகளும் நாவலிற் காணப்படுகின்றன என மீளவும் கூறுவது வெறுந் தொகுப்புரை. ஈழத்து இலக்கியத்தின் மணிமகுடம் எனப் போற்றுவது, கட்டுரையின் சான்றுகளிலிருந்து பிறவாத புகழுரை. சாதியம் ஒழிக்கப்படவேண்டும் என முழங்குவது நமக்கு முற்றிலும் உடன்பாடான கருத்தே. எனினும், நாவலை வாசியாதவரும் அதனைக் கூறலாம். முற்போக்கு நோக்குடைய நாம் சிறப்பாக எச்சரிக்கையுடன் தவிர்க்கவேண்டியது இம்மூன்றாவது குறையையே. கோட்பாடு சரியாயிருத்தல் ஆய்வின் இடத்தை நிரப்பிவிடாது.

வலுவான முடிவுரை, கண்ட இரண்டினையும் இணைத்து, அவை ஏன் ஒருங்கு நிகழ்ந்தன என வினவும். 1960களின் மரபு பற்றிய விவாதத்தில், மக்களின் பேச்சுமொழி ‘இழிசனர் வழக்கு’ எனப் பழிக்கப்பட்டமை நாம் அறிந்ததே. சமூகத்தில் விலக்கப்பட்டோரே இலக்கிய மொழியினின்றும் விலக்கப்பட்டிருந்தனர். ஆகவே, அம்மக்களை அவர்தம் மொழியிலேயே, கூட்டாகப் பேசவைக்கும் உருவம் வெறும் யதார்த்த அலங்காரமன்று. அதுவே ஓர் உரிமைக்கோரல் எனும் தீர்ப்பு இங்கு பிறக்கின்றது. உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கவியலாதன எனும் பொதுவிதி, இவ்வாறு குறிப்பிட்ட நூலொன்றில் நிறுவப்படுகின்றது.

தீர்ப்பின் எல்லையைச் சுட்டுவதும் அறிவு நேர்மையாகும். கூட்டத்தை முன்னிறுத்தும் அமைப்பு தனிமனிதரின் அகவுலகைச் சுருக்கிவிடுகின்றதா என்ற வினாவை முடிவுரை திறந்துவைக்கலாம். ஆனால் முன்னர் ஆராயப்படாத புதிய சான்றினை அங்கு புகுத்துதல் தகாது. பின்னணித் தகவல்களும், மேற்கூறிய விவாதம் போன்றவை, கட்டுரையின் உடற்பகுதியிலேயே அறிமுகமாகியிருத்தல் வேண்டும்.

முடிவுரையைப் பரீட்சிக்க எளிய வழியொன்றுண்டு. நூலின் பெயரை நீக்கி வேறொரு நூலின் பெயரை அவ்விடத்து இட்டுப் பார்க்கலாம். அப்பொழுதும் அது பொருந்துமாயின், அக்கட்டுரை இன்னும் முடிவுறவில்லை என்பதே பொருள்.