அட்டைப் பெட்டிக்குள் ஓர் உலகம்

‘ஏழைக்கேற்ற எள்ளுருண்டை’ என்பது நம்மவர் பழமொழி. விஞ்ஞான உலகிலும் இத்தகைய எள்ளுருண்டைகள் அவ்வப்போது தோன்றுவதுண்டு. விலை மிகுந்த பொருளொன்று திடீரென்று மலிவாகக் கிடைக்கும்போது, அம்மலிவு எவ்வாறு இயன்றது, அதற்காக எது விடப்பட்டது என்னும் இரு வினாக்களை எழுப்பிப் பார்ப்பது மாணவர்க்கு அழகு. கைப்பேசியை உள்ளே வைத்துக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் அட்டைப் பெட்டியைப் பற்றி அவ்விரு வினாக்களையும் இங்கே எழுப்புவோம்.

தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். மேலே நோக்கினால் வானம் தெரியும். கீழே நோக்கினால் தரை தெரியும். நாமே அவ்விடத்தில் நிற்பது போன்ற உணர்வைத் தரும் இச்செயற்கைக் காட்சியையே மெய்நிகர்க் காட்சி என்கிறோம். இதற்கென 2016ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஆக்குலஸ் ரிப்ட் என்னும் தலைக்கருவியின் விலை 599 டாலர். அதனை இயக்க ஆற்றல் மிக்க கணிப்பொறி ஒன்றும் தனியே வேண்டும்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 2014 ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் கூகிள் நிறுவனம் நடத்திய மாநாட்டில், வந்திருந்தோர்க்கு மடிக்கும் அட்டை ஒன்று வழங்கப்பட்டது. மடித்தால் பெட்டி, கைப்பேசியை உள்ளே வைத்தால் மெய்நிகர்க் காட்சிக் கருவி! அந்நிறுவனத்தின் பாரிஸ் கிளையில் பணியாற்றிய டேவிட் கோஸ், டேமியன் ஆன்ரி என்னும் இருவர் இதனை உருவாக்கினர். ‘கார்ட்போர்டு’ என்றே பெயரும் வைத்தனர். எவரும் தாமே வெட்டி ஒட்டிக்கொள்ளும் பொருட்டு, அதன் வரைபடமும் வெளியிடப்பட்டது.

இது வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். முகத்திற்கு நேரே ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். நம் கண்கள் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தொலைவு இருப்பதால், ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபட்ட காட்சியைக் காண்கிறது. இரண்டையும் இணைத்து, எது அருகில் உள்ளது, எது தொலைவில் உள்ளது என மூளை உணர்கிறது. இவ்வுண்மையை 1838இல் ஆங்கில விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். இரு கண்ணாடிகள் மூலம் இரு படங்களைக் காட்டித் தட்டைப் படத்தில் ஆழத்தைத் தோன்றச் செய்தார். 1861இல் அமெரிக்கரான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கையில் பிடித்துப் பார்க்கும் எளிய கருவி ஒன்றை அமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதனால் யாரும் அதனைச் செய்து விற்க முடிந்தது. நமது அட்டைப் பெட்டி அதன் கொள்ளுப் பேரன் எனலாம்.

பெட்டிக்குள் கைப்பேசியின் திரை இரு பாதியாகப் பிரிந்து, இடக்கண்ணுக்கு ஒரு படமும் வலக்கண்ணுக்கு ஒரு படமும் காட்டுகிறது. ஆனால் கண்ணிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தொலைவில் உள்ள திரையை எவராலும் தெளிவாகப் பார்க்க இயலாது. ஆகவே இடையில் இரண்டு குவிலென்சுகள் வைக்கப்படுகின்றன. திரை லென்சின் குவியத் தொலைவை ஒட்டி அமைவதால், அதிலிருந்து வரும் ஒளி தொலைவிலிருந்து வருவதுபோல் கண்ணை அடைகிறது. லென்சு படத்தின் ஓரங்களை வெளிப்புறம் இழுத்து வளைத்துவிடும் என்பது உண்மையே. அதற்கு மாற்றாகக் கைப்பேசி முன்கூட்டியே படத்தை எதிர்ப்புறமாக வளைத்துக் காட்டும். இரு வளைவும் ஒன்றையொன்று நீக்கிவிடும்.

தலை திரும்புவதைக் கைப்பேசி எப்படி அறிகிறது? அதனுள் ஜைராஸ்கோப் என்னும் சிறு உறுப்பு உள்ளது. எத்திசையில், எவ்வளவு விரைவாகத் திரும்புகிறோம் என்பதை அது அளக்கிறது. அதன் கணக்கில் சிறு சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். முடுக்கமானி என்னும் மற்றோர் உறுப்பு புவியீர்ப்பின் திசையைக் காட்டி, மேல் எது கீழ் எது என்பதைத் திருத்தித் தருகிறது.

முதல் வினாவுக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது. திரை, கணிக்கும் உறுப்பு, அசைவை அறியும் உறுப்புகள் ஆகிய யாவும் வேறு காரியங்களுக்காக முன்னரே கைப்பேசியில் இடம் பெற்றவை. புதிதாகச் சேர வேண்டியவை அட்டையும் இரு லென்சுகளுமே. அதனால்தான் பெட்டி மலிவாயிற்று.

இதனை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2015ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மையாமி நகரில், இதயத்தின் ஏறத்தாழப் பாதியும் ஒரு நுரையீரலும் இன்றிப் பிறந்த குழந்தை ஒன்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. இதய உருவை முப்பரிமாணமாக அச்சிட்டுப் பார்க்க மருத்துவர்கள் விரும்பினர். அச்சுப் பொறியோ பழுதுபட்டிருந்தது. எனவே உடலின் உட்படங்களைக் கைப்பேசியில் ஏற்றி, அட்டைப் பெட்டி வழியே அவ்விதயத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். எங்கே கீறுவது என்பதை அறுவை மருத்துவர் ரெட்மண்ட் பர்க் அதன் துணைகொண்டு முடிவு செய்தார். டிசம்பரில் நடந்த அறுவையில் குழந்தை பிழைத்தது.

இனி இரண்டாம் வினா. விடப்பட்டது என்ன? இப்பெட்டி தலையின் திருப்பத்தை அறியுமே தவிர, நாம் ஓரடி முன்னே வைப்பதை அறியாது. காட்சியில் உள்ள மேசையை எட்டிப் பார்க்கக் குனிந்தால், மேசையும் நம்மோடு நகர்ந்துவிடும். உடல் அசைந்ததென்று செவியின் உட்பகுதி சொல்லும். கண்ணோ இல்லை என்று சாதிக்கும். இப்பூசலின் பயனாகத் தலைச்சுற்றலும் குமட்டலும் வருவதுண்டு. தலை திரும்பிய பின் காட்சி தாமதித்துத் திரும்பினாலும் இதே துன்பந்தான்.

மற்றொரு குறையும் உண்டு. பெட்டி மலிவு, கைப்பேசி மலிவன்று. விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் ஜைராஸ்கோப் இருப்பதில்லை. அவற்றை வைத்திருப்பவர் பெட்டியை வாங்கியும் பயனில்லை. ‘எல்லோர்க்கும்’ என்று சொல்லப்படும் பொருள், யாருக்கு எட்டவில்லை என்பதையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும்.

2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் சந்தாதாரர்களுக்குப் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பெட்டிகளை அனுப்பியது. 2017க்குள் ஒரு கோடிக்கும் மேலான பெட்டிகள் அனுப்பப்பட்டுவிட்டதாகக் கூகிள் அறிவித்தது. ஆயினும் மக்கள் ஒரு முறை பார்த்து வியந்து, பிறகு அலமாரியில் வைத்துவிட்டனர். 2021இல் கூகிள் பெட்டி விற்பதை நிறுத்தியது. வகுப்பிலிருந்தபடியே மாணவர்களைத் தொலைநாடுகளுக்கு அழைத்துச் சென்ற ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ என்னும் அதன் கல்விச் செயலியும் அவ்வாண்டே மூடப்பட்டது. அதனை நம்பிப் பாடம் அமைத்த ஆசிரியர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பிறர் வீட்டுக் கிணற்றை நம்பித் தோட்டம் போட்டால் இப்படித்தான்!

ஆனால் கிணறு முற்றும் தூர்ந்துவிடவில்லை. 2019 நவம்பரிலேயே இப்பெட்டிக்கான நிரல்களை எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்துமாறு கூகிள் திறந்துவிட்டது. அன்று ஹோம்ஸின் கருவி எல்லோர்க்கும் பொதுவாக இருந்ததுபோல், இன்று இதுவும் பொதுச் சொத்தாக நிற்கிறது. விற்பனை நின்றாலும் செய்முறை நம் கையில் இருக்கிறது.

நண்பர்களே! ஊரைவிட்டு நெடுந்தொலைவில் பயிலும் நம் சங்கத்தில் பௌதிகம் படிப்போரும் உளர். கணிப்பொறி பயில்வோரும் உளர். தமிழில் அழகுற எழுதுவோரும் உளர். லென்சின் குவியத் தொலைவை ஒருவர் அளக்கட்டும். நிரலை ஒருவர் திருத்தட்டும். காட்சிக்குரிய விளக்கத்தை ஒருவர் நல்ல தமிழில் எழுதட்டும். ஜைராஸ்கோப் உள்ள ஒரு கைப்பேசி பத்துப் பேருக்குப் போதும். மாறி மாறிப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு விழாவில் நாமே செய்த பெட்டி ஒன்று மேசைமீது இருக்குமானால், மலிவுப் பொருளின் உண்மையான மதிப்பை நாம் அறிந்தவர்களாவோம்.