ராஜாவின் ஓவியர் தீட்டிய கிராமத்துப் பாதை

ஒரு பாதை. மரங்கள். நீர்வர்ணத்தில் தீட்டிய இந்தச் சின்னப் படம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

தீட்டியவர் யார் தெரியுமா? ராஜாக்களையும் சீமாட்டிகளையும் பரோக் என்னும் ஆடம்பரப் பாணியில் படம் எழுதிப் புகழ்பெற்ற வான் டைக்!

1599-ல் ஆன்ட்வெர்ப் நகரில் பிறந்தவர். 1632-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் இவரை அரண்மனை ஓவியர் ஆக்கினார். 'சர்' பட்டமும் கொடுத்தார். பிறகு ஓய்வு ஏது? பட்டு உடை, முத்து மாலை, முகம், மறுபடியும் முகம்!

எண்ணெய் வர்ணம் காய நாளாகும். நீர்வர்ணமோ சீக்கிரம் உலரும். வயல்வெளிக்கு எடுத்துப்போக அதுதான் வசதி.

வெறும் மரத்தையும் பாதையையும் நீர்வர்ணத்தில் தீட்டுவது அன்று இங்கிலாந்தில் அபூர்வம். அந்தக் கலை அங்கே கொடிகட்டிப் பறந்தது நூறாண்டுகளுக்குப் பிறகுதான். அதற்குள் வான் டைக் 1641-ல், 42-வது வயதிலேயே இறந்துவிட்டார்.

மரங்களும் கப்பல்களும் உள்ள அவரது இன்னொரு நீர்வர்ணப் படம் பர்மிங்காம் நகரின் பார்பர் கலைக்கூடத்தில் இருக்கிறது.