மூன்று நாளுக்கு மேல் தங்கும் விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. படிக்க வந்து ஒரு வீட்டில் மூன்று ஆண்டு தங்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அவன் விருந்தாளியும் இல்லை, வீட்டுப் பிள்ளையும் இல்லை. வெளிநாடுகளில் ‘ஹோம்ஸ்டே’ என்ற பெயரில் நடக்கும் இந்த ஏற்பாடு திருப்பதிக்கும் வேண்டும். 1954-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 2015-இல் ஐஐடியும் வந்த பிறகு அது கோயில் நகரம் மட்டுமல்ல, மாணவர் நகரமும்கூட. ஆனால் அந்த ஏற்பாடு தயவின்மேல் நிற்கக் கூடாது. காசும் நிபந்தனையும் முதல் நாளே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

தயவின்மேல் நின்ற முறை ஒன்றை நாம் பார்த்திருக்கிறோம். தமிழில் வாரச் சாப்பாடு, தெலுங்கில் வாராலு. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை வேறொரு வீடு என்று ஏழு நாளும் ஏழு வீட்டில் சாப்பிட்டு ஏழைப் பையன்கள் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். அந்த வீடுகள் செய்தது பெரிய உதவி, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இலையில் விழுந்ததற்கு மேல் ஒரு கரண்டி கேட்க அந்தப் பையனுக்கு வாய் வராது. கடைக்குப் போ என்றால் மறுக்கவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கதவு பெரும்பாலும் சொந்தச் சாதிப் பிள்ளைக்குத்தான் திறந்தது.

காசு கொடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 1888-இல் லண்டன் போன காந்தி பணம் கட்டித்தான் ஒரு குடும்பத்தோடு தங்கினார். வீட்டுக்காரியின் மகள்கள் கூடுதலாக ஒன்றிரண்டு ரொட்டித் துண்டு வைப்பார்கள். அவர் பசிக்கு முழு ரொட்டியே வேண்டும், ஆனால் கேட்கக் கூச்சம். 1914-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்த ராமானுஜன் சில வாரம் கணித அறிஞர் நெவிலின் வீட்டில் இருந்துவிட்டுக் கல்லூரி அறைக்கு மாறினார். அங்கே தானே சமைத்து, பெரும்பாலும் தனியாகவே சாப்பிட்டார். ஒருவருக்கு வீடு இருந்தும் பேச்சு எழவில்லை. இன்னொருவருக்கு, சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் இல்லை. பணத்தோடு பேச்சும் சேர வேண்டும் என்பதற்கு இந்த இருவரைவிட வேறு சாட்சி தேவையில்லை.

விடுதி இருக்கும்போது வீடு எதற்கு என்பார்கள். மொழிக்காக என்பேன். திருப்பதிக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளை விடுதியில் தமிழ்ப் பிள்ளையோடுதான் சேரும். 1911-இல் வட ஆற்காட்டிலிருந்து பெரும்பகுதி பிரிந்து உருவானது, திருப்பதியும் இருந்த பழைய சித்தூர் மாவட்டம். அங்கே கடைத்தெருவில் தமிழ் பேசியே காலம் தள்ளிவிடலாம். தெலுங்கு காதில் விழும், நாக்கில் ஏறாது. சமையலறையில் அப்படித் தப்பிக்க முடியாது. நம் கேழ்வரகுக் களி அங்கே ராகி சங்கடி என்பதும், எந்தப் பச்சடி அதற்குத் தொட்டுக்கொள்ள ஏற்றது என்பதும், அத்தையை எந்தத் தொனியில் கூப்பிடுவது என்பதும் பாடப்புத்தகத்தில் வராத தெலுங்கு.

இதைவிடக் கனமான ஆட்சேபங்கள் உண்டு. வாடகைக்கு வீடு கேட்டாலே சாதியை விசாரிக்கும் ஊர்களில், உடன் தங்கவைக்கும் வீடு விசாரிக்காதா? பெண் பிள்ளை என்றால் ஊரே காவல் காக்காதா? இரண்டும் உண்மை. சமூகநல விடுதிகள்தான் வாரச் சாப்பாடு கிட்டாத பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தின. அவற்றின் இடத்தை எந்த வீடும் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. நான் கேட்பது அவற்றோடு கூடுதலாக ஒரு வழி. பல்கலைக்கழகமே வீடுகளின் பட்டியல் வைக்கட்டும். சாதி கேட்கும் வீட்டை அன்றே நீக்கட்டும். வாடகை, சாப்பாட்டு வேளை, கதவு பூட்டும் நேரம், அறைச் சாவி யாரிடம் என்பதெல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். ஆணுக்கு ஒரு நேரம், பெண்ணுக்கு ஒரு நேரம் என்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டு வேலை பற்றியும் அதிலேயே எழுதலாம்: தன் தட்டைக் கழுவுவது மாணவரின் கடமை, வீட்டுக் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தருவது கடமை அல்ல.

திருப்பதியிலும் சித்தூரிலும் ஓர் அறை காலியாக வைத்திருக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. வந்த அன்றே வாடகையைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள். பிறகு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று நீங்களே கேளுங்கள்.